பொற்கிழியும் ‘வேணும்’ என்னும் சொல்லும்

திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துத் திருமாலுக்குப் பூத்தொடுத்து வாழ்ந்த விட்டுசித்தர், மதுரை சென்று பாண்டியன் அவையில் பொற்கிழி அறுத்த வரலாற்றை வைணவ குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கின்றன. முழுமுதற்பொருள் யாது என்பதைச் சான்றுகளால் நிறுவுவோர்க்கு உரியது என்று கூறி, வல்லபதேவன் என்னும் அரசன் பொன்முடிப்பு ஒன்றைக் கம்பத்தில் தொங்கவிட்டான். பண்டிதர் பலர் வந்து வாதிட்டனர், கிழி அசையவில்லை. நூற்பயிற்சி ஏதுமற்ற பூத்தொண்டர் எழுந்து மறையின் பொருளை எடுத்துரைத்தபோது, கம்பம் தானே வளைந்து கிழி அவர் கைக்கு எட்டும்படி தாழ்ந்தது. அவரை யானைமீது ஏற்றி ஊர்வலம் கொண்டுவந்தபோது பாடியதே 12 பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டு என்பர். பெரியாழ்வார் என்னும் பெயரும் அன்று முதல் வழங்கலாயிற்று. அவருடைய காலம் கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து.

கம்பம் வளைந்ததை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. அந்த அவையில் வாதிட்டோர் எவரும் இறைவனைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தவில்லை, நிறுத்தவும் இயலாது. அவர்களிடம் இருந்தது சொல் ஒன்றே. பொன் கட்டப்பட்டிருந்தது, எவருடைய சொல் தன் பொருளைச் சென்று தொடுகிறது என்னும் கேள்விக்காகத்தான். சொல் எவ்வாறு பொருளைத் தொடுகிறது? அதற்கும் பொருளுக்கும் உள்ள உறவு பிறப்பிலேயே அமைந்ததா, மனிதர் கூடி வகுத்துக்கொண்டதா? புரியாமல் சொல்லும் சொல்லுக்குப் பொருள் உண்டா? இந்திய மெய்யியலாளர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்விகளை விடாது பற்றி நின்றனர். ஞாயிறுதோறும் மறைநூலை வாசிக்கக் கேட்டு, அதனை ஆண்டவருடைய வாக்கென்று அறிக்கையிடும் நமக்கும் இக்கேள்விகள் அயலானவை அல்ல.

அறிவு பெறும் வழிகளை நம் முன்னோர் ‘அளவை’ என்றனர், வடமொழியில் ‘பிரமாணம்’. உலகாயதர் காட்சி ஒன்றையே ஒப்புவர். பௌத்தரும் வைசேடிகரும் காட்சியும் கருதலும் போதும் என்பர். சொல்லைத் தனி அளவையாக அவர்கள் கொள்வதில்லை. சாங்கியர் சொல்லையும் சேர்த்து மூன்று என்பர். இராமாநுசர் வழியினரும் அவ்வாறே. நையாயிகர் நான்கு, பிரபாகரர் ஐந்து, குமாரிலர் ஆறு. இவை ஏதோ காசிப் பண்டிதர்க்கு மட்டும் உரிய கணக்கு என்று எண்ணவேண்டா. மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகர் புகுந்த பெண்துறவி முதன்முதல் சந்திப்பவனே அளவைவாதிதான். அவன் பத்து, எட்டு, ஆறு என்று அளவைகளை எண்ணிக் காட்டுகிறான். தமிழ்க் காப்பியம் கேட்கும் சாதாரண மக்களுக்கும் இது சுவையான செய்தியாக இருந்தது என்று தெரிகிறது. இன்று நம் மறையுரைகளில் இவ்வளவு தருக்கத்தைப் புகுத்தினால் பின்வரிசையில் இருப்போர் வெளியே சென்றுவிடுவர்.

சொல்லை அளவையாக ஏற்றவர்களுக்குள்ளும் ஒரு பெரும் பிளவு இருந்தது. சைமினியின் வழிவந்த மீமாம்சகர், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயற்கையானது, தொடக்கமற்றது என்றனர். எவரும் கூடி அமர்ந்து ‘இதற்கு இது பெயர்’ என்று வகுக்கவில்லை. வகுக்க முன்வந்தால் அந்த வகுத்தலுக்கே ஒரு மொழி முன்னரே வேண்டுமன்றோ? ஆகவே வேதத்தை எவரும் இயற்றவில்லை, கடவுளும் இயற்றவில்லை. இயற்றியவர் ஒருவர் இருந்தால் அவர் தவறு செய்தாரோ ஏமாற்றினாரோ என்னும் ஐயமும் உடன் வரும். ஆசிரியர் இல்லாத சொல்லில் ஐயத்திற்கு இடமில்லை என்பது அவர்தம் துணிபு. வேதத்தை எல்லோரினும் உரத்துக் காத்தவர்கள், அதற்கு ஆசிரியராகக் கடவுள் தேவையில்லை என்று வாதிட்டது வியப்புக்குரியது. நையாயிகர் இதனை மறுத்தனர். சொற்பொருள் உறவு இறைவனின் விருப்பத்தால் அமைந்த வழக்கு. ஒரு கூற்று உண்மையாவது அதைக் கூறியவர் நம்பத்தக்கவர் என்பதால். வேதம் உண்மையாவது கூறியவன் இறைவன் என்பதால் என்றனர். இறை வெளிப்பாடு பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கொள்கை விளக்கத்தைப் படித்தவர்கள், நாம் இவ்விருவருள் எவர் பக்கம் அமர்வோம் என்பதை எளிதில் உணர்வர். ஆயினும் மீமாம்சகர் எழுப்பிய தொல்லையான கேள்வி, வகுப்பதற்கு முன் மொழி வேண்டுமே என்பது, இன்றும் விடை எதிர்பார்த்து நிற்கிறது.

சொல்லும் பொருளும் பிறப்பிலேயே ஒட்டியவை என்பதற்குத் திருவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் ஒரு சான்று காட்டலாம் போலும்! அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பெயரும் பண்டமும் ஊரும் பிரிக்கவொண்ணாதவை என்று சட்டமே கூறிவிட்டது. ஆனால் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் இராசபாளையம். விசயநகர ஆட்சிக் காலத்தையொட்டித் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராசுக்களின் ஊர் அது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக விளங்கிய பி.எஸ். குமாரசாமி ராசா அவ்வூரினர். அங்கே வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ், பஞ்சாலையில் இரண்டும். ஒரே மாட்டுக்கு வாசற்படிக்கு உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். சொல்லும் பொருளும் இயற்கையில் ஒட்டியவை என்றால், எந்தச் சொல் ஒட்டியது?

இவ்விரு ஊர்களையும் மொழிவழி இணைக்கும் பெருநூல் ஒன்றும் உண்டு. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருட்டிணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’வின் மையம் வில்லிபுத்தூர்க் கதையே. சூடிக்கொடுத்தவளின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. பெரியாழ்வார் பாண்டியன் அவையில் நிகழ்த்திய வாதத்தையும் அரசர் அதில் பாடியுள்ளார். தமிழ்த் தொண்டரின் வாதம் தெலுங்குச் செய்யுளில் நடைபெறுகிறது. கிழி அப்போதும் வளைகிறது. சொற்கள் மாறியபின்னும் பொருள் தங்கிற்று என்றுதான் இதற்குப் பொருள் கொள்ளவேண்டும். மறுபுறம், சொல் தங்கிப் பயன்பாடு இடம் மாறிய கதைகளும் உண்டு. தொல்காப்பியர் விடையைச் ‘செப்பு’ என்றார். நம் பேச்சிலிருந்து அச்சொல் மறைந்து, நூல்களில் மட்டும் தங்கியது. இராசபாளையத்து வீட்டுக்குள்ளே, ‘சொல்’ என்று ஏவும் பொருளில் தாய் தன் பிள்ளையிடம் நாள்தோறும் அதைக் கூறிக்கொண்டிருக்கிறாள். நாம் தொலைத்த சொல் அடுத்த வீட்டு அடுக்களையில் உயிரோடு இருக்கிறது.

மீமாம்சகர் இந்தச் சிக்கலை அறியாதவர் அல்லர். வேதத்திலேயே அயலார் சொற்கள் சில உண்டு. குயிலைக் குறிக்கும் ‘பிகம்’, பாதியைக் குறிக்கும் ‘நேமம்’ போன்றவை. ஆரியர் வழக்கில் இல்லாத இச்சொற்களுக்குப் பொருள் காண்பது எங்ஙனம்? வடமொழி வேர்களைக் கொண்டு நாமே ஒரு பொருளைப் பின்னிக்கொள்ளலாமா, அல்லது அச்சொற்களை வழங்கும் அயலாரையே கேட்க வேண்டுமா? இந்த வினாவுக்கு விளக்கம் எழுதப் புகுந்த 7ஆம் நூற்றாண்டினரான குமாரிலபட்டர், தம் ‘தந்திரவார்த்திக’த்தில் எடுத்துக்காட்டாகக் கொண்டவை நம்முடைய சொற்கள். திராவிட மொழியினர் உணவைச் ‘சோர்’ என்கின்றனர். அதைக் கேட்ட வடமொழியாளர் ஓர் உயிரைக் கடைசியில் ஒட்டிச் ‘சோரன்’, அதாவது திருடன், என்று ஆக்கிக்கொள்கின்றனர். வழிக்கு ‘அதர்’ என்கின்றனர். கடத்தற்கரியது ஆதலால் ‘அதரம்’ என்று இவர்கள் காரணம் கற்பிக்கின்றனர். பாம்பின் பெயரைக் கேட்டதும், ‘ஆம், அது பாபமேதான்’ என்று தலையசைக்கின்றனர். வயிற்றின் பெயரை ‘வைரி’ ஆக்கி, பசித்தவனைத் தகாத செயலில் தள்ளுவதால் வயிறு பகைவனே என்று விளக்கமும் தருகின்றனர்.

இந்தப் பகுதியை வாசிக்கும்போது சிரிப்பு எழாமல் இருப்பது அரிது. பசித்தவனின் வயிறு பகைவன் என்பது அழகிய கருத்து, மறையுரைக்குக்கூட உதவும். ஆனால் அது தவறான பொருள். அழகான விளக்கம் ஒன்று கிடைத்துவிட்டது என்பதால் சொல்லின் பொருள் கிடைத்துவிட்டது ஆகாது என்பதைக் குமாரிலர் உணர்ந்திருந்தார். அயலார் வழங்கும் சொல்லின் பொருளை அவர்கள் வழக்கிலிருந்தே அறியவேண்டும் என்பதே இவ்விடத்தில் மீமாம்சை கண்ட முடிவு. வேதத்தின் தூய்மையில் அணுவளவும் விட்டுக்கொடாத ஒருவர், வேதச் சொல்லின் பொருளுக்காக வேதம் ஓதாதவரிடம் சென்று கேட்பதைத் தாழ்வாகக் கருதவில்லை. சோறும் பாம்பும் வயிறும் வடமொழித் தத்துவ நூலில் ஏறிய கதை இது. உயர்ந்த சொற்கள் எவையும் ஏறவில்லை. சமையற்கட்டும் வரப்பும்தான் ஏறின.

இனிக் குழந்தையிடம் வருவோம். மொழியின் இயல்பை அறிய, குழந்தை மொழி கற்கும் முறையைப் பார்க்கவேண்டும் என்று நம் நாட்டு அறிஞர் அன்றே கண்டனர். பிரபாகரர் வழியினர் கூறும் காட்சி இது: பெரியவர் ஒருவர் இளையவரிடம் ‘பசுவைக் கொண்டுவா’ என்கிறார்; இளையவர் ஒரு விலங்கை ஓட்டி வருகிறார். பின்னர்ப் ‘பசுவைக் கட்டு’. பின்னர்க் ‘குதிரையைக் கொண்டுவா’. அருகில் அமர்ந்து இவற்றைக் கவனிக்கும் குழந்தை, எது மாறும்போது எது மாறுகிறது என்று கண்டு, சொற்களைப் பிரித்தறிகிறது. எனவே தனிச்சொல்லுக்குத் தனியே பொருள் இல்லை. வாக்கியத்தில் பிற சொற்களோடு இணைந்தே அது பொருள் தரும். அன்றியும், முதலில் கற்பது ஏவலும் செயலுமே ஆதலால், சொல்லின் உண்மைப் பொருள் ‘செய்யவேண்டியது’ என்பதே. வேதமும் ஆணைகளின் தொகுப்பு. அதில் இறைவனைப் பற்றிய வருணனைகள் எல்லாம் ஆணைக்குத் துணையாக வந்த புகழ்ச்சிகளே என்றனர்.

இராமாநுசருக்கு இது பொறுக்கவில்லை. சொல்லுக்கு ஆணை மட்டுமே பொருள் என்றால், என்றும் உள்ளவனாகிய இறைவனை மறைநூல் உணர்த்தவே முடியாதே! செய்யப்படவேண்டிய ஒன்றா இறைவன்? ஆகவே அவர் வேறொரு குழந்தையைக் காட்டினார். தாயும் தந்தையும் விரலைச் சுட்டி, இது அம்மா, இது அப்பா, இது மாமன், அது நிலவு, அது பறவை, இது பாம்பு என்று பலமுறை சொல்லிக் காட்டுகின்றனர். குழந்தை மெல்ல மெல்ல, இந்த ஒலிக்கும் இந்தப் பொருளுக்கும் உறவுண்டு என்று தானே உணர்ந்துகொள்கிறது. அங்கே ஆணை இல்லை, செயல் இல்லை. பொருள் இருக்கிறது, அதைச் சுட்டும் அன்புடைய விரல் இருக்கிறது.

நம் வாசகர் சிலருக்கு இவ்விடத்தில் புனித அகுஸ்தீனார் நினைவுக்கு வந்திருப்பார். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய ‘ஒப்புதல்கள்’ முதற் புத்தகத்தில், தாம் பேசக் கற்ற முறையை இதே வகையில்தான் அவர் கூறுகிறார். பெரியோர் ஒரு பொருளின்பால் திரும்பி அதன் பெயரைக் கூறக் கண்டு கற்றதாக. 1953இல் வெளிவந்த தம் நூலை விட்கென்ஸ்டைன் அகுஸ்தீனாரின் அப்பகுதியைக் கொண்டே தொடங்கி, அது மொழியின் ஒரு பகுதிக்கே பொருந்தும் என்று மறுத்தார். கட்டடம் கட்டுவோன் கல்லின் பெயரைக் கூவியதும் உதவியாளன் அதை எடுத்துவரும் காட்சியை முன்வைத்தார். பசுவைக் கொண்டுவரச் சொன்ன பிரபாகரரும் கல்லைக் கொண்டுவரச் சொன்ன விட்கென்ஸ்டைனும் ஒரு பக்கம். நிலவைச் சுட்டும் திருப்பெரும்புதூராரும் தகாஸ்தே நகரத்தாரும் மறுபக்கம். இதில் அகுஸ்தீனார் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தம் மகன் அதெயோதாத்துசோடு உரையாடும் ‘ஆசிரியர்’ என்னும் சிறுநூலில், விரலைச் சுட்டினாலும் எதைச் சுட்டுகிறோம் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும் என்று தாமே கேட்டு, உள்ளிருந்து கற்பிக்கும் கிறிஸ்துவே ஆசிரியர் என்று முடித்தார். வாக்கியம் பிரிக்கவொண்ணாத ஒன்று, அதன் பொருள் மின்னலென உள்ளத்தில் தோன்றுகிறது என்று 5ஆம் நூற்றாண்டில் உரைத்த பர்த்ருகரி இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். சொல்லையே பரம்பொருளாகக் கண்டவர் அவர். அவர் பாதையில் நெடுந்தொலைவு செல்ல நம்மால் இயலாது. ஆனால் யோவான் நற்செய்தியைப் படித்தவர் அவரைக் கேட்டுவிட்டு எளிதில் எழுந்து போகவும் முடியாது.

ஆணையா, சுட்டலா என்னும் இவ்வழக்கு நம் திருச்சபையின் தமிழ் வரலாற்றில் ஒருமுறை மிகக் கூர்மையாக எழுந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், போர்த்துக்கீசியம் அறிந்த உள்ளூரார் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். கடற்கரைக் குடிசைகளில் இரவும் பகலும் அவை ஒலித்தன. 1544இல் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ் மன்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில் சவேரியார் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் நின்றுவிட்டது. ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றாகிவிடும், அதனை மாற்றி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுக என்றார். வேறோர் இடத்தில் ‘வன்மையால்’ என்று பொருள்படும் சொல்லையும் நீக்கச் சொன்னார்; ஆண்டவர் பாடுபட்டது கட்டாயத்தால் அன்று, தம் விருப்பத்தால் என்பதற்காக. ஒன்றரை ஆண்டுக்காலம் பரதவ மக்கள் இறைவனை நம்பவில்லை, வேண்டினர்!

திருத்தம் சரியானது என்பதில் நமக்கு ஐயமில்லை. குமாரிலர் விதித்தபடியே, சொல்லை வழங்குவோர் வழக்கு எதுவோ அதுவே பொருள். ‘வேணும்’ என்றால் நம்புகிறேன் என்றாகாது. அந்த வழக்கை முறையாகக் கற்க அமர்ந்தவர் பின்வந்த அண்டிரிக் அடிகளார். அவர் மக்களிடமே தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 16 பக்கங்கள் கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறச் செய்தார். இந்திய மொழி எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. எனினும், திருத்தப்பட்ட அந்த ‘வேணும்’ நம்மை விடுவதில்லை. அந்த ஒன்றரை ஆண்டில் கண்மூடிய மூதாட்டி ஒருத்தி, ‘வேணும்’ என்று அறிக்கையிட்டுக்கொண்டே இறந்திருந்தால், அவள் கூறியது பொருளற்ற சொல்லா? இறையியல் படித்தோர் விசுவாசத்தையும் நம்பிக்கையையும் அன்பையும் மூன்று அறைகளில் வைத்துப் பூட்டியிருக்கலாம். அவள் நாவில் அவை ஒரே அறையில் இருந்தன.

இதனை எண்ணும்போது மறுபடியும் வில்லிபுத்தூருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஆண்டாளின் 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழி முழுவதும் ‘வேணும்’ என்னும் ஒரு சொல்லின் விரிவே என்றால் மிகையாகாது. அதன் 9ஆம் திருமொழியில் அவள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்கிறாள். அவள் வாக்கால் நேர்ந்தாள்; பண்டம் படைக்கப்படவில்லை. மூன்று நூற்றாண்டுக்குப் பின் இராமாநுசர் அப்பாசுரத்தை வாசித்து, நேர்ந்தது நிறைவேற்றப்படவேண்டும் என்று அழகர்மலை சென்று நூறு தடாவும் சமர்ப்பித்தார். பின் வில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்பது மரபு. தங்கைக்காக நேர்த்திக்கடனைத் தீர்ப்பவன் தமையன் அல்லவா! சொல்லின் பொருள் செயல் மட்டும் அன்று என்று வாதிட்ட அதே இராமாநுசர், இங்கே ஒரு சொல்லைக் கேட்டதும் அடுப்பு மூட்டச் சொன்னார். தருக்கத்தில் பிரபாகரரை வென்றவர் நடப்பில் அவருக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டார் என்று நாம் சிறிது விளையாட்டாகக் கூறலாம்.

தமிழ்ப் பாடல் வேதமாகுமா என்னும் கேள்விக்கும் வைணவர் துணிந்து ஆம் என்றனர். வேதம் தொடக்கமற்ற வடசொல் என்ற மீமாம்சையை ஒப்புக்கொண்ட நாட்டிலேயே, ஊரும் பேரும் தெரிந்த மனிதர் பாடிய தமிழை மறைக்கு நிகராக வைத்து, இரண்டையும் ஏற்கும் தம்மை ‘உபயவேதாந்திகள்’ என்றனர். வேதாந்த தேசிகரோ, வடமொழி மறையில் தெளியாத இடங்களைத் தமிழ்கொண்டு தெளிகிறோம் என்றார். அத்தமிழின் ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் எத்துணை அஞ்சிப் போற்றினர் என்பதற்கு ஒரு செய்தி. 4000 பாசுரங்களுக்கும் உரை கண்ட பெரியவாச்சான்பிள்ளையின் பெரியாழ்வார் திருமொழி உரையில் பெரும்பகுதி கறையானுக்கு இரையாயிற்று. 1370 முதல் 1443 வரை வாழ்ந்த மணவாளமாமுனிகள், அழிந்த பகுதிக்குப் புதிதாக உரை வரைந்தார். எஞ்சிய ஓலையில் முன்னவர் உரை எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, அச்சொல்லுக்கு முந்திய சொல்லோடு தம் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார் என்று மரபு கூறுகிறது. தாமே முழுமையும் எழுதிவிடும் புலமை அவருக்கு இருந்தது.

திருவில்லிபுத்தூரில் இன்றும் மார்கழியில் அரையர் சேவை நடைபெறுகிறது. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி முதலிய மிகச் சில இடங்களிலேயே இம்மரபு பிழைத்துள்ளது. கூம்பிய குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் முதலில் பாசுரத்தை இசைக்கிறார். அடுத்து அதே பாசுரத்தை முகத்தாலும் கையாலும் அபிநயிக்கிறார். பின் வழிவழி வந்த உரையை ஓதுகிறார். ஒரு சொல் மூன்று முறை கேட்போரிடம் வருகிறது: ஒலியாக, உடலாக, விளக்கமாக. நற்செய்தி வாசகம், மறையுரை, அப்பம் பிட்குதல் என்னும் நம் வழிபாட்டு ஒழுங்கை இதனோடு ஒப்பிடத் தோன்றுகிறது. வரிசை வேறு, நோக்கமும் வேறு என்பதை மறவாமல்தான்.

நம் முன்னோரும் சொல்லுக்காக அடிபட்டவர்களே. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, சருவேசுரன், குரு, பூசை, பிரசாதம் என்று இந்நாட்டார் அறிந்த சொற்களைக் கையாண்டார். அச்சொற்களில் பழைய பொருள் ஒட்டிக்கொண்டே வரும் என்று அஞ்சியோர் அவர்மேல் குற்றம் சாட்டினர். அவர் கடைப்பிடித்த முறைகள் பற்றிய வழக்கு உரோமை வரை சென்று, 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரியின் ஆணையால் அவருக்குச் சார்பாக முடிந்தது. இராசபாளையத்துக்குத் தென்கிழக்கே உள்ள காமநாயக்கன்பட்டியில் தம் பணியின் தொடக்க ஆண்டுகளில் இருந்த வீரமாமுனிவர், 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துச் ‘சதுரகராதி’ செய்தார். சொல்லிலிருந்து பொருளுக்குப் போகும் வாசலும் பொருளிலிருந்து சொல்லுக்கு வரும் வாசலும் அதில் தனித்தனியே உண்டு. யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் முன்பு ‘வார்த்தை’ என்று வாசித்த நாம், 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் ‘வாக்கு’ என்று வாசிக்கிறோம். முதற்சொல் செய்தி என்னும் வடசொல்லின் வழிவந்தது. இரண்டாவது பேச்சு என்பதன் வழிவந்தது, ஆனால் தமிழில் அது ‘வாக்குக் கொடுத்தல்’ என்னும் உறுதிமொழியாகவும் வளர்ந்துவிட்டது. நம் தனித்தமிழ்ச் ‘சொல்’ இரு முறையும் வெளியே நின்றது. பழந்தமிழில் ‘சொல்’ என்பதற்கு நெல் என்றும் பொருளுண்டு. விதைப்பவர் உவமையை நினைத்தால் அதற்கும் ஓர் இடம் தந்திருக்கலாம் என்று நமக்கு ஓர் ஆசை. ஆனால் நெல் என்று இன்று யார் அதைக் கேட்பார்? வழங்குவோர் வழக்கே பொருள் என்னும் விதி நம் ஆசைக்கும் உரியதே.

எஞ்சியது புரியாமல் ஓதும் சொல். யாஸ்கரின் ‘நிருக்த’த்தில் கௌத்சர் என்பார் மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று வாதிடுகிறார், சொல்லை மாற்றவோ வரிசையைப் புரட்டவோ கூடாது என்றால் அங்கே ஒலிதானே முக்கியம் என்பது அவர் கேள்வி. யாஸ்கர் மறுத்தார், சைமினியும் மறுத்தார். ஆயினும் கௌத்சரின் கட்சி ஊர்தோறும் வாழ்ந்தது. 1963 டிசம்பரில் திருவழிபாடு பற்றிய சங்க ஏடு வெளிவந்து, தமிழ் பலிபீடத்துக்கு வரும்வரை, நம் பாட்டன்மார் இலத்தீனில் மறுமொழி கூறினர். பொருள் கேட்டால் அவர்களில் பலருக்குத் தெரியாது. எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது தெரியும். அவர்கள் வெறும் ஒலியை எழுப்பினர் என்று இளைய குருக்கள் சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. இலத்தீனே திரும்ப வேண்டும் என்போரையும் ஏற்பதற்கில்லை.

சயாம் நாட்டு அரசவைப் பிராமணர் ஆண்டுதோறும் ‘திரியம்பாவாய்’, ‘திரிபாவாய்’ என்னும் விழாவை நடத்துகின்றனர். திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே இவ்வாறு திரிந்தன என்பர் அறிஞர். பாங்காக்கில் உள்ள மாபெரும் ஊஞ்சலில் ஆடும் வழக்கம் 1935இல் நின்றுவிட்டது. கோயிலுக்குள் ஓதுதல் நிற்கவில்லை. தமிழ் அறியாத அவர்கள் தமிழ்ப் பாடலை வேற்றெழுத்தில் எழுதி வைத்து, மந்திரம் என்று கருதி, தந்தை மகனுக்குக் கற்பித்து, பல நூற்றாண்டுகள் காத்துவந்துள்ளனர். உயிரெழுத்துகள் நெகிழ்ந்து, மெய்கள் தேய்ந்து, இசையும் மாறிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1938இல் உரோமையில் குருப்பட்டம் பெற்று, வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப் பணியாற்றிய நாள்களில் தமிழை ஆழக் கற்ற தனிநாயகம் அடிகளார், 1950களில் தென்கிழக்காசிய நாடுகளில் பயணம் செய்தபோது இந்த ஓதுதலைக் குறித்து ஆராய்ந்து, அது மாணிக்கவாசகரின் திருவெம்பாவையே என்று உலக அறிஞர்க்கு எடுத்துரைத்தார். ஓதியவர்க்கு அது பொருள் தெரியாத மந்திரம். கேட்டவர்க்கோ விடியற்காலையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பும் பாட்டு.